வீட்டுக் கணினியை லினக்ஸுக்கு மாற்றுவதற்கு முந்தைய வாரம்

ஏப்ரல் 15-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் பாம்பனிலும் மண்டபத்திலும் விசைப்படகுகளைக் கரையேற்றத் தொடங்கிவிடுவார்கள். அடுத்த 61 நாட்களுக்குள் பலகை மாற்றுவது, சாயம் அடிப்பது, இன்ஜினைப் பிரித்துப் பார்ப்பது என்று ஆண்டு முழுவதும் தள்ளிப்போட்ட வேலைகளெல்லாம் நடந்தாக வேண்டும். பாம்பனில் இருக்கும் எங்கள் பெரியப்பா மகன் வீட்டுக் கணினியை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றும் வேலையையும் அந்த நாட்களில்தான் வைத்துக்கொண்டோம். திங்கள், புதன், சனி என்று படகு கடலுக்குப் போகும் மாதங்களில் டீசல் செலவு, ஐஸ் செலவு, ஆட்களின் பங்கு எல்லாம் அந்தக் கணினியில்தான் எழுதப்படுகின்றன. அப்போது அது ஒரு நாள் படுத்துவிட்டாலும் பங்கு பிரிப்பது தடுமாறிவிடும்.

"என்ன வேணாலும் செய்ங்க தம்பி, கணக்கு மட்டும் போயிறக் கூடாது" என்று மதினி முதலிலேயே சொல்லிவிட்டார். கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான இயங்குதளத்தை மாற்ற நினைக்கும் எல்லாருடைய கவலையும் இதுதான் என்பதால், அதையே நடுவில் வைத்து இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். லினக்ஸை நிறுவும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அது நல்லபடியாக முடியுமா முடியாதா என்பதை அதற்கு முந்தைய ஒரு வாரம்தான் முடிவு செய்கிறது. ஆனால் பெரும்பாலான வழிகாட்டிகள் அந்த அரை மணி நேரத்தைப் படம் படமாகக் காட்டிவிட்டு, முந்தைய வாரத்தை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன.

முதலில், ஏன் மாற்ற வேண்டும் என்ற கேள்வி. அந்தக் கணினி 2016-இல் வாங்கியது. 4 ஜிபி ரேம், சுழலும் தட்டு கொண்ட பழைய வகை ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. ஆதரவு நின்றது என்றால் கணினி நின்றுவிடும் என்று பொருளில்லை. மறுநாள் காலையிலும் அது முன்போலவே திறக்கும், கணக்கும் போடும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் மட்டும் அதற்கு வராது. வீட்டுப் பயனர்கள் தனியாகப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை அந்தத் திருத்தங்கள் கிடைக்கும் என்று ஓராண்டு நீட்டிப்பும் தரப்பட்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் வகையாக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசஸரும் வேண்டும். எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-இல்தான். ஆகவே நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் ஏராளமான கணினிகளுக்கு, புதிய விண்டோஸுக்குள் நுழைய முறையான வழி இல்லை. பழுதாகாத ஒரு பொருளைத் தூக்கிப் போட எங்கள் அண்ணனுக்கு மனம் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

இன்ஜினும் படகும்

லினக்ஸ் என்பது என்ன என்று எங்கள் ஊரில் விளக்குவதற்குப் படகைத் தவிர நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை. ஒரே வகை டீசல் இன்ஜினை வெவ்வேறு படகுகளில் பொருத்தியிருப்பதை இங்குள்ள யாரும் பார்த்திருப்பார்கள். படகின் நீளம் வேறாக இருக்கும், வீல் ஹவுஸின் அமைப்பு வேறாக இருக்கும், அடித்திருக்கும் சாயம் வேறாக இருக்கும். உள்ளே உந்தித் தள்ளுவது ஒன்றே. லினக்ஸ் என்ற பெயர் சரியாகப் பார்த்தால் அந்த இன்ஜினுக்கு உரியது. அதைக் கெர்னல் என்பார்கள். ப்ராசஸர், நினைவகம், வட்டு, விசைப்பலகை ஆகியவற்றோடு நேரடியாகப் பேசி, எந்த மென்பொருளுக்கு எப்போது எவ்வளவு இடம், எவ்வளவு நேரம் என்று பங்கிட்டுக் கொடுக்கும் உள்பகுதி அது. ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் அதை எழுதி வெளியிட்டார். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனு திட்டம் அந்த நேரத்துக்குள் ஓர் இயங்குதளத்துக்குத் தேவையான கருவிகளில் பெரும்பாலானவற்றை உருவாக்கி வைத்திருந்தது. அதற்குக் குறையாக இருந்தது கெர்னல்தான். 1992-இல் லினக்ஸும் குனுவின் பொது உரிமத்தின் கீழ் வந்தபோது, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம் என்ற நான்கு உரிமைகளும் அதற்குப் பொருந்தின. கட்டற்ற மென்பொருள் என்று தமிழில் நாம் சொல்வது இந்த உரிமைகளைத்தான். இலவசமாகக் கிடைப்பது அதன் விளைவுகளில் ஒன்று.

இன்ஜினை மட்டும் வைத்துக்கொண்டு கடலுக்குப் போக முடியாதல்லவா? கெர்னலோடு திரைமுகப்பு, கோப்பு மேலாளர், இணைய உலாவி, அலுவலக மென்பொருள் எல்லாவற்றையும் சேர்த்து முழுப் படகாகக் கட்டித் தருவதை வழங்கல் என்கிறோம். 1993-இல் தொடங்கிய டெபியன் பழைய வழங்கல்களில் ஒன்று. அதை அடித்தளமாகக் கொண்டு 2004-இல் உபுண்டு வந்தது. உபுண்டுவை அடித்தளமாகக் கொண்டு 2006-இல் லினக்ஸ் மின்ட் வந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததே. உங்கள் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடியில் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான். ஆகவே லினக்ஸ் நம் வீட்டுக்குப் புதியதன்று, மேசைக்குத்தான் புதியது.

நூற்றுக்கணக்கான வழங்கல்கள் இருப்பதைக் கண்டு தொடக்கநிலையாளர் மலைத்துப் போவதுண்டு. விண்டோஸிலிருந்து வருபவர் முதல் முறை லினக்ஸ் மின்ட்டை எடுத்துக்கொள்வது போதுமானது என்பது என் கருத்து. கீழே இடது ஓரத்தில் பட்டி, வலது ஓரத்தில் கடிகாரம் என்று அதன் திரை பழகியது போலவே இருக்கும். குறைந்தது 2 ஜிபி ரேமும் 20 ஜிபி வட்டு இடமும் இருந்தால் அது ஓடும். 4 ஜிபி ரேமும் 100 ஜிபி இடமும் இருந்தால் வசதியாக ஓடும். சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று முகப்புகளில் கிடைப்பதில், பழைய கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ இலகுவானது. லினக்ஸ் மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. வழங்கலைத் தேர்ந்தெடுப்பதற்கு இதற்கு மேல் நேரம் செலவிட வேண்டியதில்லை. நேரம் வேறு இடத்தில் தேவைப்படுகிறது.

கணினியில் என்ன வேலை நடக்கிறது?

வாரத்தின் முதல் இரண்டு நாட்களில் கணினியைத் தொடவே வேண்டாம். ஒரு தாளை எடுத்து அருகில் வைத்துக்கொண்டு, வீட்டில் யார் யார் அதில் என்ன செய்கிறார்கள் என்பதை எழுதுங்கள். "இணையம் பார்ப்போம், கணக்குப் போடுவோம்" என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. எந்தக் கோப்பு, எந்த மென்பொருள், எந்தப் பிரிண்டர், எந்த எழுத்துரு என்று எழுத வேண்டும். அண்ணன் வீட்டுத் தாளில் இருந்தவை: படகுக் கணக்குக்கான எக்ஸெல் கோப்புகள், சங்கத்துக்கும் அலுவலகங்களுக்கும் எழுதிய தமிழ்க் கடிதங்கள், பிள்ளைகளின் பள்ளிப் பாடங்கள், வங்கி இணையதளம், வெளிநாட்டில் இருக்கும் மைத்துனரோடு வீடியோ அழைப்பு, பதினைந்து ஆண்டுப் புகைப்படங்கள், ஒரு பழைய லேசர் பிரிண்டர்.

இவற்றுள் உலாவியின் வழியாக நடப்பவை எதற்கும் கவலை இல்லை. ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் லினக்ஸில் அப்படியே ஓடுகின்றன; வங்கித் தளமும் மின்னஞ்சலும் வீடியோ அழைப்பும் உலாவியில் திறப்பவையாக இருந்தால் அவை அடியிலுள்ள இயங்குதளத்தைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. பாடல், படம் பார்க்க விஎல்சி இருக்கிறது.

எக்ஸெல், வேர்டு கோப்புகளை லிப்ரெஆபிஸ் என்னும் கட்டற்ற அலுவலக மென்பொருள் திறக்கும், திருத்தும், அதே வடிவத்தில் சேமிக்கவும் செய்யும். கூட்டல், சராசரி, நிபந்தனைக் கணக்கு போன்ற வழக்கமான வாய்பாடுகள் மாறாமல் வரும். ஆனால் மேக்ரோ எனப்படும் தானியங்கு நிரல்களை உள்ளே எழுதி வைத்த கோப்புகள் சரியாக ஓடும் என்று நம்பிவிடக் கூடாது. இதைச் சோதிக்க லினக்ஸ் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. லிப்ரெஆபிஸ் விண்டோஸுக்கும் கிடைக்கிறது. இப்போதே நிறுவி, மாறுவதற்கு முந்தைய வாரம் முழுவதும் கணக்கை அதிலேயே போட்டுப் பாருங்கள். மதினிக்கு நாங்கள் கொடுத்த முதல் வேலை இதுதான். பொத்தான்கள் இடம் மாறியிருந்தது அவருக்கு இரண்டு நாள் எரிச்சலாக இருந்தது. மூன்றாம் நாள் அது பேச்சில் வரவில்லை. மாற்றத்தின் பாதிச் சுமையை இப்படிப் பழைய இயங்குதளத்தில் இருக்கும்போதே இறக்கி வைத்துவிடலாம்.

சில வேலைகள் லினக்ஸுக்கு வரவே வராது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். டேலி போன்ற கணக்கு மென்பொருளில் கடைக்கணக்கு வைத்திருப்பவர்கள், ஃபோட்டோஷாப்பில் தொழில் செய்பவர்கள், விண்டோஸுக்கு மட்டுமே எழுதப்பட்ட ஓர் அலுவலக மென்பொருளை நம்பியிருப்பவர்கள் விண்டோஸை முழுவதும் கைவிடக் கூடாது. வைன் என்னும் இடைமென்பொருள் சில விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட வைக்கும் என்பது உண்மை. ஆனால் வயிற்றுப்பாட்டுக்கான வேலையை அதன் மேல் வைக்க நான் யாருக்கும் சொல்வதில்லை.

தமிழ்க் கோப்புகளைத் தனியாகக் கவனியுங்கள்

ஆங்கில வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் யூனிகோடு முறை பரவலாவதற்கு முன் தட்டச்சு செய்த தமிழ்க் கடிதங்கள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருக்கும். அந்தக் கோப்புகளுக்குள் உண்மையில் பதிந்திருப்பவை தமிழ் எழுத்துகளுக்கான குறியீடுகள் அல்ல; ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய குறியீடுகள். அந்தக் குறியீடுகள் வரும் இடத்தில் தமிழ் எழுத்தை வரைந்து காட்டும்படி எழுத்துரு அமைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். லினக்ஸுக்கு மாறியவர்கள் "என் கோப்பெல்லாம் கெட்டுப்போய்விட்டது" என்று பதறுவது பல நேரங்களில் இதனால்தான். கோப்பு கெடவில்லை, அதற்குரிய எழுத்துரு உடன் வரவில்லை.

ஆகவே பழைய தமிழ்க் கோப்புகள் இருந்தால் அவற்றின் எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்துப் படியெடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் அவற்றை நிறுவியதும் கடிதங்கள் பழையபடி படிக்கக் கிடைக்கும். அடுத்ததாக, முக்கியமான கோப்புகளை எழுத்துரு மாற்றியைக் கொண்டு யூனிகோடாக மாற்றிவிடுவது நல்லது. அப்போதுதான் அவற்றுக்குள் சொல்லைத் தேட முடியும், கைப்பேசிக்கு அனுப்ப முடியும். ஏற்கெனவே யூனிகோடில் இருப்பவற்றுக்குச் சிக்கல் இல்லை. லதா போன்ற விண்டோஸ் எழுத்துரு இல்லாததால் வரி உடையும் இடமும் பக்க எண்ணிக்கையும் சிறிது மாறலாம். எழுத்து மாறாது.

தட்டச்சும் அப்படியே. விண்டோஸில் பழகிய தமிழ் எழுதிகளில் சில லினக்ஸில் ஓடா. ஆனால் விசைப்பலகை அமைப்புகள் ஓடும், விரலுக்குப் பழகியது அமைப்புதானே. தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறை, பழைய தட்டச்சுப் பொறி முறை ஆகிய மூன்றும் ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் கிடைத்துவிடுகின்றன. இந்தத் தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டும் என்பது தெரியாமல், லினக்ஸில் தமிழ் எழுத முடியாது என்று முடிவு கட்டித் திரும்பிப் போனவர்களை நான் அறிவேன். அது எனக்கு உண்மையான வருத்தம். கட்டற்ற மென்பொருள் குறித்துத் தமிழிலேயே எழுதிவரும் கணியம் இணைய இதழில் தேடினால், இத்தகைய ஐயங்கள் பலவற்றுக்கு நம் மொழியிலேயே விளக்கம் கிடைக்கும்.

காப்புப்படி

2013-இல் முதன்முதலாக ஒரு கணினியில் லினக்ஸை நிறுவியபோது, எங்கள் தந்தையின் கடைசி ஐந்து ஆண்டுப் புகைப்படங்களை அழித்துவிட்டேன். எப்படி நேர்ந்தது என்பதைச் சொன்னால் மற்றொருவருக்கு நேராமல் இருக்கலாம். படங்கள் டி டிரைவில் இருந்தன. விண்டோஸ் இருப்பது சி டிரைவில்; ஆகவே விண்டோஸை அழித்தால் சி மட்டும்தான் போகும் என்று நம்பினேன். நிறுவும் நிரல் "வட்டை அழித்துவிட்டு நிறுவு" என்று கேட்டபோது ஒப்புக்கொண்டேன். விண்டோஸ் சி என்றும் டி என்றும் காட்டுபவை பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் இரண்டு வட்டுகள் அல்ல. ஒரே வட்டில் கோடு போட்டுப் பிரித்த இரண்டு பகுதிகள். ஒரே வீட்டின் இரண்டு அறைகளைப் போல. நிறுவும் நிரல் அழிக்கிறேன் என்று சொன்னது வீட்டை. நான் புரிந்துகொண்டது ஓர் அறையை. லினக்ஸ் சி, டி என்ற பெயர்களைப் பயன்படுத்துவதும் இல்லை. இத்தகைய கணினிகளில் பெரும்பாலும் முழு வட்டை எஸ்டிஏ என்றும், அதன் பகுதிகளை எஸ்டிஏ1, எஸ்டிஏ2 என்றும் குறிக்கும். கடைசியில் எண் இல்லாவிட்டால் அது முழு வட்டு என்பதை அன்று யாராவது சொல்லியிருக்கலாம் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

எனவே காப்புப்படி இரண்டு வேண்டும். ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில். மற்றொன்று இந்த வீட்டுக்கு வெளியே, உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை ஒரே இரவில் கடல் கொண்டுபோன கரையில் வாழ்பவர்களுக்கு, எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைக்கக் கூடாது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆவணக் கோப்புறையை மட்டும் எடுத்துவிட்டுத் திருப்தி அடைய வேண்டாம். டெஸ்க்டாப்பில் கிடப்பவை, பதிவிறக்கக் கோப்புறையில் சேர்ந்தவை, உலாவி நினைவில் வைத்திருக்கும் கடவுச்சொற்கள், புக்மார்க்குகள் ஆகியவை பெரும்பாலும் மறந்துபோகும். படியெடுத்து முடிந்ததும் அந்த ஹார்ட் டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, பத்துக் கோப்புகளையாவது திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத காப்புப்படியை நான் காப்புப்படி என்று எண்ணுவதில்லை. விண்டோஸில் வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் என்னும் மறையாக்கம் இயங்குகிறதா என்றும் பார்த்து, இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்தல்

லினக்ஸின் மிக நல்ல பண்பு, நிறுவாமலேயே அதை ஓட்டிப் பார்க்கலாம் என்பது. புதுப்படகை விலை பேசுமுன் ஒரு சுற்றுப் போய்வருவது போன்றது. மின்ட்டின் தளத்திலிருந்து இயங்குதளம் முழுவதும் அடங்கிய, ஏறக்குறைய 3 ஜிபி அளவுள்ள ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்க வேண்டும். கைப்பேசி இணைப்பில் இது இடையில் அறுந்துபோகக்கூடும். ஆகவே தளத்தில் கொடுத்திருக்கும் 64 எழுத்துகள் கொண்ட எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணோடு உங்கள் கோப்பின் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பு குறைபட்டது என்று பொருள். குறைபட்ட கோப்பிலிருந்து நிறுவினால் பாதியில் நின்றுவிடும், அப்போது குற்றம் கணினியின் மேல் போய் விழும்.

அந்தக் கோப்பை 8 ஜிபி பென்டிரைவில் எழுத வேண்டும். வழக்கம்போல இழுத்துப் போட்டால் வேலை செய்யாது. கணினி அதிலிருந்து தொடங்கும்படி எழுதுவதற்கு ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்னும் மென்பொருள் வேண்டும். பென்டிரைவில் முன்பு இருந்தவை எல்லாம் அழிந்துவிடும். பிறகு கணினியை அணைத்து, பென்டிரைவைச் செருகி, மீண்டும் இயக்கியவுடன் எஃப்12, எஃப்9, எஸ்கேப் ஆகியவற்றில் உங்கள் கணினிக்கு உரிய விசையை விடாமல் தட்டினால், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல் வரும். பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது திரையில் தெரியும் லினக்ஸ் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் நீங்களாக எதையும் எழுதாதவரை அதைத் தொடாது. பென்டிரைவிலிருந்து படிப்பதால் மெதுவாக இருக்கும்; அந்த வேகத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, மடிக்கணினி என்றால் மூடித் திறந்ததும் விழிக்கிறதா என்று தாளில் எழுதியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிராட்காம் சில்லுள்ள சில கணினிகளில் வைஃபைக்குத் தனி டிரைவர், அதாவது அந்தச் சில்லை இயக்கும் சிறு மென்பொருள், வேண்டியிருக்கும். அப்படியானால் கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து இணையத்தைப் பகிர்ந்து, டிரைவர் மேலாளரைத் திறந்தால் தேவையானதை அதுவே காட்டும். பிரிண்டரைக் கட்டாயம் சோதியுங்கள். எச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் சிரமமின்றி வேலை செய்யும்; சில பழைய லேசர் பிரிண்டர்களுக்கு அவற்றைத் தயாரித்த நிறுவனம் தரும் டிரைவரைத் தேடி நிறுவ வேண்டியிருக்கும். அண்ணன் வீட்டில் ஒரு மாலைப் பொழுதை முழுவதும் எடுத்துக்கொண்டது பிரிண்டர்தான். அதை இந்தச் சோதனையிலேயே கண்டுகொண்டதால், வேறு அவசரம் எதுவும் இல்லாமல் உட்கார்ந்து சரிசெய்ய முடிந்தது.

எங்கே நிறுவுவது?

விண்டோஸை வைத்துக்கொண்டே அதே வட்டில் பக்கத்தில் லினக்ஸை நிறுவலாம். கணினி தொடங்கும்போது எது வேண்டும் என்று கேட்கும். டேலி போன்ற தேவை உள்ளவர்களுக்கு இதுவே வழி. அதற்கு முன் விண்டோஸில் வேகத் தொடக்கம் என்னும் அமைப்பை நிறுத்திவிட வேண்டும். அது இருக்கும்வரை விண்டோஸ் அணைந்தது போலத் தோன்றினாலும் பாதி உறக்கத்திலேயே இருக்கும். அந்நிலையில் விண்டோஸ் பகுதியிலுள்ள கோப்புகளை லினக்ஸிலிருந்து படிக்கலாமே தவிர எழுத முடியாமல் போகலாம். இரண்டும் இருக்கும் கணினியில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தவறிக் காட்டுவதும் உண்டு. கணினியின் உட்கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகக் கொள்கிறது. விண்டோஸ் உள்ளூர் நேரமாகக் கொள்கிறது. லினக்ஸில் ஒரு வரிக் கட்டளையால் இதைச் சரிசெய்துவிடலாம்.

எனக்குப் பிடித்த வழி வேறு. சுழலும் தட்டு இல்லாத, வேகமான வட்டு வகையான எஸ்எஸ்டி ஒன்றை 240 அல்லது 256 ஜிபி அளவில் வாங்கி, பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, புதியதில் மட்டும் லினக்ஸை நிறுவுவது. கழற்றி அலமாரியில் வைத்த வட்டை எந்தத் தவறான பொத்தானும் அழிக்க முடியாது. மனம் மாறினால் பழையதை மாட்டினால் போதும், பழைய விண்டோஸ் அப்படியே எழுந்து வரும். வேகத்தைப் பொறுத்தவரை இயங்குதளத்தை மாற்றுவதைவிட எஸ்எஸ்டி மாற்றுவதுதான் பழைய கணினியில் பெரிய வேறுபாட்டைத் தருகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்துச் செய்துவிட்டு முழுப் புகழையும் லினக்ஸுக்குக் கொடுப்பது நியாயமன்று.

பெட்டியைத் திறந்த கையோடு, கடற்கரைக் கணினிகளுக்கே உரிய ஒரு வேலையையும் முடித்துவிடலாம். உப்புக்காற்றில் ரேம் பட்டையின் தொடுமுனைகளில் மங்கலான படிவு சேரும். கணினி அடிக்கடி காரணமின்றி உறைந்து நிற்பதற்கு அது காரணமாக இருக்கலாம். மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, பட்டையைக் கழற்றி, பென்சில் அழிப்பானால் முனைகளை மெல்லத் தேய்த்து, தூசியைத் துடைத்து மீண்டும் பொருத்துங்கள். இது சரியாகாமல் எந்த இயங்குதளத்தை ஏற்றினாலும் உறைவது நிற்காது.

நிறுவும் அரை மணி நேரம்

மின்வாரியம் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளாக அது இல்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். யுபிஎஸ் இருந்தால் இன்னும் நல்லது. பென்டிரைவிலிருந்து தொடங்கிய திரையிலேயே நிறுவுவதற்கான குறிபடம் இருக்கும். மொழி, விசைப்பலகை, நேர மண்டலம் ஆகியவற்றைக் கேட்டபின், எங்கே நிறுவுவது என்ற கேள்வி வரும். முழு வேலையிலும் நிதானமாகப் படிக்க வேண்டிய திரை இது ஒன்றுதான். காட்டப்படும் வட்டின் அளவு உங்கள் எஸ்எஸ்டியின் அளவோடு பொருந்துகிறதா என்று பார்த்து, பொருந்தினால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் மீதியை அதுவே செய்துகொள்ளும். மென்பொருள் நிறுவும்போதெல்லாம் இந்தக் கடவுச்சொல்லைக் கேட்கும் என்பதால், மறக்காத ஒன்றை வையுங்கள்.

முதல் மாதம்

பழக்கத்தில் மாற வேண்டியவை சிலவே. மென்பொருள் வேண்டுமென்றால் உலாவியில் தேடி எங்கிருந்தோ பதிவிறக்கக் கூடாது. கைப்பேசியில் செய்வது போல மென்பொருள் மேலாளரில் தேடி நிறுவ வேண்டும். அங்கே இருப்பவற்றுக்கும் இயங்குதளத்துக்கும் திருத்தங்கள் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. இணையத்தில் இறக்கிய இஎக்ஸ்இ கோப்பை இரட்டைச் சொடுக்கு செய்தால் லினக்ஸில் அது ஓடாது. கோப்புப் பெயர்களில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறாகவே கொள்ளப்படும். உங்கள் கோப்புகள் எல்லாம் ஹோம் என்னும் ஒரே கோப்புறைக்குள் உங்கள் பெயரில் இருக்கும். காப்புப்படி எடுக்க அந்த ஒன்றை எடுத்தால் போதும், அதற்குள் மறைந்திருக்கும் கோப்புறைகளில் உலாவி அமைப்புகளும் சேர்ந்து வந்துவிடும்.

மின்ட்டோடு வரும் டைம்ஷிஃப்ட்டை முதல் நாளே இயக்கி வையுங்கள். ஏதேனும் ஒரு திருத்தத்துக்குப் பின் கணினி தடுமாறினால், நேற்றைய நிலைக்கு அது திரும்பக் கொண்டுபோகும். ஆனால் அது இயங்குதளத்தின் கோப்புகளைக் காப்பதற்காக உள்ளது. வழக்கமான அமைப்பில் உங்கள் சொந்தக் கோப்புகளை அது படியெடுப்பதில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. டெர்மினல் என்னும் கறுப்புத் திரையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வீட்டுப் பயன்பாட்டில் பெரும்பாலான நாட்களில் அது தேவைப்படாது. தேவைப்படும் நாளில், யாரோ எழுதிய கட்டளையை அது என்ன செய்யும் என்று தெரியாமல் ஒட்டாதீர்கள். கட்டளைக்கு முன்னால் சூடோ என்று இருந்தால், கணினியின் எந்தப் பகுதியையும் மாற்றும் அதிகாரத்தை அதற்கு நீங்கள் கொடுக்கிறீர்கள் என்று பொருள்.

அண்ணன் வீட்டில் ஜூன் 14 நள்ளிரவோடு தடைக்காலம் முடியும் முன்பே மதினி மூன்று வாரக் கணக்குகளைப் புதிய திரையில் எழுதிப் பழகியிருந்தார். தடைக்காலத்தில் எழுத என்ன கணக்கு என்றால், படகுக்கு வாங்கிய பலகை, சாயம், கூலி ஆகியவைதான். கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கைக் காகிதத்தில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, மேலே தேதி எழுதி வைத்திருக்கிறோம். மூன்று மாதம் அதைத் தொடுவதில்லை என்பது ஏற்பாடு. அதற்குள் "அந்தக் கோப்பு எங்கே?" என்ற கேள்வி எழுந்தால் வெளியே எடுத்து மாட்டிப் பார்ப்போம், எழாவிட்டால் அதை அழித்து, படகுக் கணக்கின் மூன்றாவது காப்புப்படிக்கு வைத்துக்கொள்வோம்.